வெள்ளிக்கிழமை பத்துக்கு ஒன்பது, திங்கட்கிழமை மூன்றே வரி

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கும் ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறோம்.

"மகனுக்கு 9 வயது, இங்கே பிறந்தவன். அரச பாடசாலையில் சே.எம் 1, எங்கள் கணக்கில் 4ஆம் ஆண்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு பக்கத்துக்குக் கதை எழுதுவான். பிழை நிறைய இருக்கும், ஆனால் வாசித்தால் சிரிப்பு வரும். இப்போது மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. 'அணில் என்று எழுத நினைச்சனான், எழுத்துத் தெரியேல்ல, அதால நாய் என்று எழுதினனான்' என்கிறான். வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதலில் பத்துக்கு எட்டு, ஒன்பது எடுக்கிறான். அதே சொற்களைத் திங்கட்கிழமை கட்டுரையில் பிழையாக எழுதுகிறான். பிழைவிட்ட சொல்லை இருபது தரம் எழுதவைக்கிறேன், இரவில் அக்காவின் மகளுடைய பழைய புத்தகத்திலிருந்து சொல்வதெழுதல் கொடுக்கிறேன். முன்னேற்றம் இல்லை. வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியையும் நிறுத்து என்கிறார் மாமி. மெத்ரெஸ் (வகுப்பு ஆசிரியை) ஓர்த்தோஃபோனிஸ்ட்டிடம் (பேச்சு, வாசிப்பு, எழுத்துச் சிரமங்களைப் பார்க்கும் நிபுணர்) காட்டச் சொல்கிறார். இது வருத்தமா? எழுத்துப் பிழை முழுக்கத் திருந்திய பிறகுதான் கட்டுரை எழுதவைக்க வேண்டுமா?"

பதில்:

சகோதரி, உங்கள் மகன் அணிலை விட்டுவிட்டு நாயைப் பிடித்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி அது. கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அணில் என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும், நாய் என்றால் விழாது. பிள்ளையின் கணக்கு பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போடத் தொடங்கிய பிள்ளை தெரிந்த சொற்களுக்குள்ளேயே சுற்றிவரும். கொப்பியில் பிழை குறையும், கதையும் சேர்ந்து குறையும். நீங்கள் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதியிருப்பது உண்மையில் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று எழுத்துக்கூட்டல், மற்றது எழுதுவது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டதால்தான் இரண்டும் நின்றுபோயிருக்கின்றன.

எழுதும் பிள்ளை ஒரே நேரத்தில் அடுத்து என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும், வசனத்தைக் கட்ட வேண்டும், சொல்லுக்கு எழுத்துத் தேட வேண்டும், பேனையை நகர்த்த வேண்டும். கவனம் என்பது ஒரு பையில் இருக்கும் காசு மாதிரி. எழுத்துக்கூட்டலுக்கு அதிகம் செலவானால் கதைக்கு மிஞ்சுவது சில்லறைதான். பெயாட்ரிஸ் பூர்தான், மிஷேல் ஃபயோல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1994இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சொற்பட்டியலை நினைவில் வைத்து வாயால் ஒப்பிக்கச் சொன்னபோது சின்ன வகுப்புப் பிள்ளைகள் கூடுதலான சொற்களைச் சொன்னார்கள், எழுதச் சொன்னபோது குறைந்துவிட்டது. படித்த பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் அதே பெரியவர்களைப் பழக்கமில்லாத எழுத்து வடிவத்தில் எழுதச் சொன்னதும் அவர்களுக்கும் நினைவு வழுக்கியது.

வெள்ளிக்கும் திங்களுக்கும் உள்ள இடைவெளிக்கு விளக்கம் இதுதான். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரே வேலை, அதுவும் முதல்நாள் படித்த பத்துச் சொல். திங்கட்கிழமை நாலு வேலை. மறந்துவிட்டான் என்றோ கவனமில்லை என்றோ அர்த்தம் இல்லை, அந்தச் சொல் இன்னும் கையில் ஏறவில்லை, அவ்வளவுதான். நன்றாகப் படித்த பிரெஞ்சுக்காரர்கள்கூட இங்கே சறுக்குவார்கள். 'அயலவர்களின் நாய் வருகிறது' என்ற வசனத்தைக் கேட்டு எழுதச் சொல்லி, அதே வேளை வேறொரு வேலையையும் மனதில் வைத்திருக்கச் சொன்னால், 'வருகிறது' என்பதற்குப் பன்மை விகுதி போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் 'அயலவர்கள்' இழுத்துவிடுகிறது. காதுக்கு ஒருமையும் பன்மையும் அங்கே ஒன்றுதான்.

பிரெஞ்சில் ஏன் இவ்வளவு சிக்கல்

வாசிக்கப் பிரெஞ்சு அவ்வளவு கஷ்டமில்லை. எழுத்துச் சேர்க்கையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். எழுதும்போதுதான் எதிர்ப்பக்கத்துக் கதவு பூட்டியிருக்கும். ஏறக்குறைய 36 ஒலிகளுக்கு ஏறக்குறைய 130 எழுத்துச் சேர்க்கைகள் என்று கணக்குச் சொல்வார்கள். 'சே' என்று காதில் விழும் ஒரே ஒலியை ஐந்தாறு விதமாக எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள்.

பெரிய சங்கடம் பேசாத எழுத்துகள்தான். தமிழில் 'நாய்கள் விளையாடுகின்றன' என்றால் பன்மை இரண்டு இடத்தில் காதில் விழும். எழுதும்போது கேட்டதை எழுதினால் போதும். எங்களுக்கு ல, ள, ழ குழப்பம் வரலாமே தவிர, உச்சரிக்காத எழுத்தை வசனம் முழுக்க ஒட்டிக்கொண்டு போகும் வேலை இல்லை. நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தில் மகன் எழுதிய வசனத்தையே பாருங்கள்: 'சின்ன நாய்கள் விளையாடுகின்றன'. பிரெஞ்சில் 'லே ப்தி ஷியன் ஜூ'. எழுத்தில் நாலு சொல்லிலும் பன்மைக் குறி வர வேண்டும், காதில் விழுவது முதல் சொல்லான 'லே'யில் மட்டும். (எழுத்துகளின் பெயரை எங்களுக்குப் பழகிய ஆங்கில முறையில் சொல்கிறேன்.)

மகன் 'ப்தி'க்கு எஸ் போடவில்லை. 'ஷியன்' சரி. 'ஜூ' என்ற வினைச்சொல்லின் கடைசியில் ஈ-என்-ட்டி வர வேண்டிய இடத்தில் ஈ-எஸ் போட்டிருக்கிறான். அதற்கு நீங்கள் பென்சிலால் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி. பன்மை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பெயர்ச்சொல்லின் குறியை வினைக்குக் கொண்டுவந்திருக்கிறான். பிரெஞ்சுப் பிள்ளைகள் எல்லோரும் கடக்கும் படி அது. ஃபயோலும் பியேர் லார்ஜியும் மற்றவர்களும் இந்த வரிசையை விவரித்திருக்கிறார்கள். முதலில் குறியே இருக்காது, பிறகு எஸ்ஸை எல்லா இடத்திலும் ஒட்டுவார்கள், அதன் பிறகு என்-ட்டியைப் பெயர்ச்சொல்லுக்கும் ஒட்டுவார்கள், கடைசியில்தான் பிரித்துப் போடுவார்கள். அடுத்த வருடம் பெயர்ச்சொல்லில் என்-ட்டி தலைகாட்டினால் பதற வேண்டாம்.

அடுத்த வரியில் 'அவர்கள் கேக் சாப்பிட்டார்கள்'. 'மான்ஜே' என்ற ஒலிக்கு, மேலே கோடு போட்ட ஈ வர வேண்டிய இடத்தில் ஈ-ஆர் போட்டிருக்கிறான். 'காத்தோ' என்ற சொல்லின் கடைசி ஓ ஒலிக்கு வெறும் ஓ. இரண்டும் ஒரே வகைப் பிழை இல்லை. முன்னது இலக்கணம், யோசித்துப் பிடிக்கலாம். பின்னது நினைவு, எந்த யோசனையும் உதவாது, சொல்லைப் பார்த்துப் பழக வேண்டியதுதான். இரண்டுக்கும் இருபது தரம் எழுதுவது என்ற ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த இருபது தரம் பற்றி

மூன்றாவது தடவைக்குப் பிறகு பிள்ளை சொல்லை நினைப்பதில்லை, மேல் வரியைப் பார்த்து வரைகிறது. சில பிள்ளைகள் முதல் எழுத்தை இருபது தரம் கீழ்நோக்கி எழுதிவிட்டு இரண்டாம் எழுத்துக்குப் போவார்கள். ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பதிலாக நாளுக்கு நாலு சொல். பார்ப்பது, வாயால் எழுத்தெழுத்தாகச் சொல்வது, மூடுவது, நினைவிலிருந்து ஒரே ஒருதரம் எழுதுவது, திறந்து ஒப்பிடுவது. அதே நாலு சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து மறுபடி. 'தூஜூர்' (எப்போதும்), 'போக்கூ' (நிறைய), 'அவெக்' (உடன்), 'மன்த்னான்' (இப்போது), 'பார்ஸ் கு' (ஏனென்றால்) போல எந்தக் கட்டுரையிலும் வரும் உருமாறாச் சொற்களிலிருந்து தொடங்குங்கள். அவை கையில் ஏறிவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் மிச்சம் பிடிக்கலாம். அபூர்வமான சொற்களைப் பட்டியல் போட்டுப் பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சொல்லின் இறுதியில் பேசாத எழுத்துக்குப் பெண்பால் வடிவம் கைகொடுக்கும். 'ப்தி' என்பதில் ட்டி கேட்காது, 'ப்தித்' என்றதும் கேட்கும். 'க்ரான்', 'க்ராந்த்' அப்படியே. எப்போதும் இல்லை: ஒதுங்கிடம் என்ற பொருள்தரும் 'அப்ரி'க்கு வினைச்சொல்லில் ட்டி உண்டு, பெயர்ச்சொல்லில் கிடையாது. பெரும்பாலான இடத்தில் உதவினால் போதுமே.

பிழை தீர்ந்த பிறகுதான் கட்டுரையா?

அப்படிக் காத்திருந்தால் கட்டுரை வராது. ஒருமை, பன்மைக்கு ஏற்பச் சொல்லின் இறுதியை மாற்றும் பிரெஞ்சு இசைவு விதிகள் பத்து வயதில் முடிகிற பாடம் இல்லை, ஆரம்பப் பாடசாலைக்கு அடுத்த கொலேஜ் முடியும்வரை நீளும். எழுத்துக்கூட்டல் நன்றாகப் பழகிய பிள்ளைகள் சின்ன வகுப்புகளில் நீளமாகவும் தரமாகவும் எழுதுவது உண்மை. வகுப்பு ஏற ஏற அந்தப் பிணைப்பு தளர்ந்து, சொல்வளமும் திட்டமிடலும் முந்திக்கொள்ளும். கொலேஜ் இறுதியில் வரும் பிரெவே பரீட்சையிலும் சொல்வதெழுதலை விடக் கட்டுரைக்குத்தான் பல மடங்கு புள்ளி.

எதிர்ப்பக்கத்தில் 'கருத்து முக்கியம், எழுத்து தானாக வரும்' என்ற ஆறுதலையும் நம்பாதீர்கள். பேசாத எழுத்து காது வழியாக வராது. நிறைய வாசிக்கும் பிள்ளைக்கும் 'காத்தோ' தானாகப் பழகலாம், என்-ட்டி தானாகப் பழகாது. அதை விளக்கிப் பழக்க வேண்டும், சொந்த வசனத்தில் பழக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் போதும்.

முதல் நாள் எழுதுவதற்கு மட்டும். கதையை முதலில் வாயால் சொல்லட்டும், தமிழில் சொன்னாலும் சரி. பிறகு பத்து நிமிடம், அழிறப்பர் இல்லாமல் எழுதட்டும். எழுத்துத் தெரியாத சொல்லைக் கேட்டபடி எழுதி, அடியில் அலைக்கோடு போட்டுவிட்டு மேலே போகட்டும். அணில் வேண்டுமென்றால் அணிலே வரட்டும். நீங்கள் எட்டிப் பார்த்துத் திருத்தக் கூடாது, முகத்தையும் சுளிக்கக் கூடாது. அவன் கேட்டால் மட்டும் சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். வாயால் எழுத்தெழுத்தாகச் சொல்லாதீர்கள், அதைக் கேட்டு முடிப்பதற்குள் வசனம் போய்விடும்.

மறுநாள் திருத்தம். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடச் சொன்னால் ஒன்றும் அகப்படாது. முதல் சுற்றில் 'லே', 'தே', 'மே' போன்ற சொற்களுக்கு வட்டம் போட்டு, அது எந்தப் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் பன்மையாக்குகிறதோ அவற்றுக்கு அம்புக்குறி. இரண்டாம் சுற்றில் வினைச்சொல்லைப் பிடித்து, யார் செய்கிறார் என்று கேட்டு, அந்த ஆளிலிருந்து அம்புக்குறி. சந்தேகமிருந்தால் 'ஜூ' இருந்த இடத்தில் 'முடிக்க' என்ற வினையைப் போட்டு வாசிக்கட்டும், ஒருமை என்றால் 'ஃபினி', பன்மை என்றால் 'ஃபினிஸ்' என்று காதே சொல்லிவிடும். மூன்றாம் சுற்று 'மான்ஜே' மாதிரியான சொற்களுக்கு. அந்த இடத்தில் 'விற்க' என்ற வினையைப் போட்டுப் பார்க்கலாம்: 'வான்த்ரு' பொருந்தினால் ஈ-ஆர், 'வான்தூ' பொருந்தினால் கோடு போட்ட ஈ. முதல் மாதம் முதல் சுற்று மட்டும் போதும். மூன்றையும் ஒரேயடியாகத் தொடங்கினால் இரண்டாம் கிழமையிலேயே சண்டை வரும். அலைக்கோடு போட்ட சொற்களில் இரண்டை மட்டும் அகராதியில் தேடி, நாளாந்த நாலு சொல்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சொல்வதெழுதலை ஒரே ஒரு வசனமாகக் குறையுங்கள். அவன் எழுதிய பிறகு ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் தொட்டு 'இந்த எழுத்து ஏன் இங்கே?', 'இதைப் பன்மையாக்கினது எந்தச் சொல்?' என்று கேளுங்கள். உங்கள் பிரெஞ்சு போதாது என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் பிரெஞ்சு போதும், விடை புத்தகத்தில் இருக்கிறது. அக்கா மகளின் பழைய புத்தகத்தில் சில சொற்களில் ஐ, யு மேல் தொப்பி இருக்கிறது, மகனுடையதில் இல்லை என்றீர்கள். 1990 டிசம்பரில் வெளியான எழுத்துத் திருத்தம் அது. இரண்டும் செல்லும், பிழையாகக் கணக்கெடுக்கக் கூடாது.

கையெழுத்தையும் ஒருதரம் கவனியுங்கள். ஒரு வசனத்தைப் பார்த்து எழுத ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று நின்று போகிறானா, கை வலிக்கிறது என்கிறானா? அப்படியானால் எழுத்துக்கூட்டலுக்கு முன்பே கவனத்தைக் கை தின்றுவிடுகிறது. தினமும் ஐந்து நிமிடம் சேர்த்தெழுதும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

மாமியின் யோசனை

தமிழை நிறுத்த வேண்டாம். மகனின் பிழைகள் தமிழால் வந்தவை இல்லை, பிரெஞ்சின் பேசாத எழுத்தால் வந்தவை. பிரெஞ்சுக் கல்வி அமைச்சு ஒரே சொல்வதெழுதல் பந்தியை நாடு முழுவதும் 5ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து வருகிறது. 1987இல் சராசரி 10.7 பிழை, 2021இல் 19.4. கூடியவற்றில் பெரும்பங்கு இலக்கணப் பிழைகள், அதாவது உங்கள் மகன் விடுகிற அதே இசைவுப் பிழைகள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டில் பிரெஞ்சுதான் கதைப்பவர்கள். மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்பாரா என்பது வேறு விஷயம்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 'வான்தூ', 'ப்தித்' என்று மாற்றிப் பார்க்கும் உத்தியெல்லாம் அந்தப் பிரெஞ்சு வடிவங்கள் காதில் பழகியிருந்தால்தான் வேலை செய்யும். அதற்குத் தமிழைக் குறைக்க வேண்டாம், பிரெஞ்சு வாசிப்பைக் கூட்டுங்கள். நகரசபை மெதியதேக்கில் (நூலகத்தில்) புத்தகம் எடுத்து, நாளுக்கு கால் மணிநேரம் சத்தமாக வாசிக்கட்டும். சனிக்கிழமைப் பின்னேரம் சொல்வதெழுதல் ரியூசன் விசாரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே பிள்ளை சொந்தமாக எழுதித் திருத்துவதில்லை என்றால் அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம்.

ஓர்த்தோஃபோனிஸ்ட்டிடம் போவதா?

போகலாம். ஒரு பக்கக் கொப்பியை வைத்து வருத்தம் உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். எனக்கு வந்த பக்கத்தில் பிழைகள் வாசித்தால் ஒலி சரியாக வருகிற பிழைகள், அது நல்ல அறிகுறி. ஆனால் மெத்ரெஸ் வருடம் முழுக்கப் பார்க்கிறவர். வாசிப்பே மெதுவாகத் தடுமாறுவது, 'பூல்' என்ற கோழியையும் ஏறக்குறைய அதே போல ஒலிக்கும், 'பந்து' என்ற பொருள்தரும் சொல்லையும் மாற்றி எழுதுவது போன்ற ஒலிக் குழப்பம், சொற்களை ஒட்டியோ பிளந்தோ எழுதுவது, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சிரமம் இருந்தது: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

குடும்ப வைத்தியரிடம் பரிசோதனைக்கு ஓர்தொனான்ஸ் (மருத்துவச் சீட்டு) எழுதி வாங்குங்கள், அதோடு காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் காத்திருப்பு மாதக்கணக்கில் இருக்கும், ஆகையால் நாலைந்து பேரிடம் ஒரே நேரத்தில் பெயர் பதியுங்கள். போகும்போது இந்த வருடக் கொப்பிகளோடு இரண்டாம் ஆண்டுக் கதைகளையும் கொண்டுபோங்கள். வீட்டு மொழி தமிழ் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மதிப்பீட்டை அதை வைத்துத்தான் படிக்க வேண்டும். முடிவில் டிஸ்லெக்சி (வாசிப்புக் குறைபாடு), டிஸோர்த்தோகிராஃபி (எழுத்துக்கூட்டல் குறைபாடு) என்று வந்தாலும் அது புத்திக்குறைவு இல்லை. அப்போது பாடசாலையில் 'பாப்' என்ற தனி ஏற்பாட்டை எழுத்தில் கேட்கலாம். அதற்குப் பாடசாலை வைத்தியரின் கருத்தும் உங்கள் சம்மதமும் தேவை, எம்.டே.பே.ஆஷ் என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்தில் கோப்பு திறக்கத் தேவையில்லை. கூடுதல் நேரம், இடைவெளி நிரப்பும் சொல்வதெழுதல், வரலாறு போன்ற பாடங்களில் எழுத்துப் பிழைக்குப் புள்ளி வெட்டாமை ஆகியவை அதில் இடம்பெறலாம். காத்திருக்கும் காலத்தில் 'ராசெட்' என்ற இலவச உதவிக் குழு உங்கள் பாடசாலைக்கு வருகிறதா என்றும் கேளுங்கள்.

மெத்ரெஸ்ஸுக்குத் தொடர்புக் கொப்பியில் மூன்றே விஷயம் எழுதி நேரம் கேளுங்கள். மகனின் பிழைகளில் ஒலிப்பிழை எத்தனை, இலக்கணப் பிழை எத்தனை என்று ஒரு கட்டுரையை வைத்துக் காட்ட முடியுமா? கட்டுரையில் கதைக்கு ஒரு புள்ளி, எழுத்துக்கு ஒரு புள்ளி என்று பிரித்துப் போட முடியுமா? முதல் பிரதியில் அலைக்கோடு போட்ட சொற்களைச் சிவப்பால் வெட்டாமல் விட முடியுமா? மூன்றாவதற்கு அவர் சம்மதித்தால் அன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள்.